மூன்று ஏ எடுத்தும் மெடிசின் ஏன் இல்லை? இசட் புள்ளி சொல்வதும் சொல்லாததும்

இலங்கையில் உயர்தரப் பரீட்சைப் (ஏ/எல்) பெறுபேறு வந்த அன்று எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் கேள்வி "எத்தனை ஏ?" என்பதுதான். கேட்பவர் பெரியப்பாவாகவும் இருக்கலாம், சந்தியில் ஓட்டோ விடுகிற அண்ணாவாகவும் இருக்கலாம். ஆனால் கம்பஸுக்கு ஆள் எடுக்கிற பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அந்த ஏக்களை எண்ணிக்கொண்டிருப்பதில்லை. மூன்று பாடத்திலும் ஒரே தடவையில் குறைந்தது எஸ் (சாதாரண சித்தி) வேண்டும், பொதுச் சாதாரண பரீட்சையில் (Common General Test) குறைந்தது 30 புள்ளி வேண்டும். இவை இருந்தால் விண்ணப்பிக்கலாம். அதற்குப் பிறகு வேலை செய்வது பெறுபேற்றின் ஓரத்தில் நான்கு தசமதானத்தோடு கிடக்கும் ஒரே ஒரு எண். அதுதான் இசட் புள்ளி.

75இலிருந்து ஏ, 65இலிருந்து பி, 55இலிருந்து சி, 35இலிருந்து எஸ். 75 எடுத்தவரும் 98 எடுத்தவரும் ஒரே ஏக்குள் அடங்கிவிடுவார்கள். அவர்கள் எடுத்த உண்மையான புள்ளி பெறுபேற்றில் வராது. வருவது தரம், இசட் புள்ளி, மாவட்ட நிலை (மாவட்டத்தில் எத்தனையாவது), தீவு நிலை (முழு இலங்கையிலும் எத்தனையாவது). ஆகவே ஏக்களை வைத்து இரண்டு பேரை ஒப்பிடுவது வீண் வேலை.

இசட் எப்படி வருகிறது என்பதை ஒரு தடவை கையால் போட்டுப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும். ஒரு பாடத்தில் உங்கள் புள்ளியிலிருந்து, அந்தப் பாடத்தை நாடு முழுவதும் எழுதியவர்களின் இடையை, அதாவது சராசரிப் புள்ளியை, கழிக்க வேண்டும். வருவதை நியம விலகலால் (எல்லோருடைய புள்ளிகளும் இடையிலிருந்து எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்பதன் அளவு) வகுக்க வேண்டும். மூன்று பாடத்துக்கும் இப்படிச் செய்து, கூட்டி, மூன்றால் வகுத்தால் முடிந்தது.

கணக்குக்காக நானே சில எண்களை வைத்துக்கொள்கிறேன். பௌதிகவியலில் இடை 38, நியம விலகல் 14. இரசாயனவியலில் 42, 16. உயிரியலில் 50, 18. ஒரு தங்கச்சி பௌதிகவியலில் 75, இரசாயனவியலில் 75, உயிரியலில் 76 எடுக்கிறாள். மூன்றும் ஏ, கூட்டுத்தொகை 226. அவளுடைய மூன்று இசட்டும் முறையே 2.6429, 2.0625, 1.4444. சராசரி 2.0499.

அவளோடு ரியூசனுக்குப் போன தம்பி ஒருவன் பௌதிகவியலில் 85, இரசாயனவியலில் 77, உயிரியலில் 64 எடுக்கிறான். இரண்டு ஏ, ஒரு சி. கூட்டினால் அதே 226. ஆனால் அவனுடைய இசட்டுகள் 3.3571, 2.1875, 0.7778. சராசரி 2.1075. தீவு நிலையில் அவன் அவளுக்கு முன்னால் நிற்பான். எல்லோருக்கும் வழுக்கிய பௌதிகவியலில் அவன் எடுத்த பத்துப் புள்ளி, எல்லோரும் ஓரளவு எடுத்த உயிரியலில் அவள் கூட எடுத்த பன்னிரண்டு புள்ளியைவிடக் கனமானது. "அவனுக்கு சி தானே, அவன் எப்படி உள்ளே போனான்?" என்று ஊரில் கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில்.

பூச்சியம் வந்தால் நீங்கள் சரியாக இடையில் நிற்கிறீர்கள் என்று அர்த்தம். மைனஸ் வந்தால் இடைக்குக் கீழே. மைனஸ் இசட்டைப் பார்த்துப் பிள்ளை ஃபெயில் என்று அழுத அம்மாக்களும் உண்டு. மூன்று பாடமும் சித்தியடைந்த பிள்ளைக்கும் மைனஸ் வரலாம், அதில் பிழை எதுவும் இல்லை.

இன்னொன்று, இசட் யாரோடு உங்களை ஒப்பிடுகிறது என்பது. உயிரியல் எழுதியவரை உயிரியல் எழுதிய கூட்டத்தோடு, இணைந்த கணிதம் எழுதியவரை அந்தக் கூட்டத்தோடு. ஆகவே கலைப்பிரிவு அக்காவின் 1.9ஐயும் கணிதப் பிரிவுத் தம்பியின் 1.6ஐயும் பக்கத்தில் வைத்து யார் கெட்டிக்காரர் என்று கேட்டால் பதிலே கிடையாது. போன வருட 1.8ம் இந்த வருட 1.8ம் கூட ஒன்றல்ல, கூட்டம் மாறிவிட்டது.

கூட்டத்தைப் பிழையாகப் பிரித்தால் என்ன ஆகும் என்பதை 2011ஆம் ஆண்டுப் பரீட்சை காட்டியது. அந்த வருடம் பழைய பாடத்திட்டக்காரரும் புதிய பாடத்திட்டக்காரரும் வேறு வேறு வினாத்தாள் எழுதினார்கள். இசட் போடும்போது இரண்டு கூட்டத்தையும் ஒன்றாகக் கலந்துவிட்டார்கள். மாணவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2012இல் உயர் நீதிமன்றம் அந்த இசட் புள்ளிகளை ரத்துச் செய்து, இரண்டு கூட்டத்துக்கும் தனித்தனியாகக் கணிக்கச் சொன்னது. சூத்திரம் சரியாக இருந்தால் மட்டும் போதாது, அதற்குள் யாரைப் போடுகிறோம் என்பதும் சரியாக இருக்க வேண்டும்.

அந்த நான்கு தசமதானத்துக்கு வருவோம். மேலே போட்ட கணக்கில் பௌதிகவியலில் ஒரே ஒரு புள்ளி கூடினால் இறுதி இசட் 0.0238 ஏறும்.  வெட்டுப்புள்ளிக்கு, அதாவது கடைசியாக உள்ளே போனவரின் இசட்டுக்கு, அருகில் இந்த இடைவெளிக்குள் ஏகப்பட்ட பிள்ளைகள் நெருக்கியடித்து நிற்பார்கள். 0.0004ஆல் மருத்துவம் தவறியவரும் 0.0004ஆல் கிடைத்தவரும் படிப்பில் வேறுபட்டவர்கள் என்று நான் நம்பமாட்டேன். வகுத்தல் கணக்கு போட்டால் தசமங்கள் வரும், அவ்வளவுதான். வரிசையில் ஆளுக்கு ஓர் இடம் கொடுக்க அவை உதவும். மூளையை அளக்கிற நுணுக்கம் அதில் இல்லை.

சரி, இசட் தெரிந்துவிட்டது. ஒரே இசட் எடுத்த கொழும்புப் பிள்ளைக்குக் கிடைக்காதது முல்லைத்தீவுப் பிள்ளைக்கு எப்படிக் கிடைக்கிறது?

மருத்துவம், பொறியியல் போன்ற பெரும்பாலான பாடநெறிகளில் இடங்கள் மூன்று பங்காகப் பிரிகின்றன. 40 சதவீதம் அகில இலங்கைத் திறமைக்கு. இதில் மாவட்டம் பார்ப்பதில்லை, மேலிருந்து இசட் வரிசைப்படி எடுப்பார்கள். 55 சதவீதம் 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகை விகிதப்படி பிரிகிறது. மிச்சம் 5 சதவீதம் பின்தங்கியவை என்று குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், நுவரெலியா எல்லாம் இந்தப் பட்டியலில் உண்டு. அகில இலங்கைத் திறமையை மட்டும் பார்க்கிற பாடநெறிகளும் இருக்கின்றன, அவற்றில் இந்த மாவட்டப் பேச்சே வராது.

உங்கள் மாவட்டம் எது என்பதை வீட்டு விலாசம் தீர்மானிப்பதில்லை. பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுகள் படித்த பாடசாலைதான் கணக்கு. மன்னாரில் பிறந்து வளர்ந்து, உயர்தரத்துக்கு யாழ்ப்பாணம் வந்து விடுதியில் நின்று படித்தால் யாழ்ப்பாண வரிசையில் போய் நிற்க வேண்டி வரலாம். நல்ல ரியூசனுக்காகப் பிள்ளையை மாற்றுகிற பெற்றோர் பலர் இதை யோசிப்பதில்லை. பாடசாலை மாற்றும் முன் ஆணைக்குழு வெளியிடும் அந்த வருடத்து மாணவர் கைந்நூலில் மாவட்டம் பற்றிய பகுதியை ஒரு தடவை வாசியுங்கள்.

எங்கள் தமிழ் ஆட்களுக்கு இந்த மாவட்டக் கணக்கின் மீது பழைய வலி ஒன்று உண்டு. தரப்படுத்தல், அதாவது எழுதிய மொழியைப் பார்த்துப் புள்ளிகளைச் சரிக்கட்டி ஆள் எடுத்த முறை, என்ற சொல்லைக் கேட்டாலே தாத்தாமார் கதிரையை விட்டு எழும்புவார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் பேராதனைப் பொறியியலுக்கு, 400க்கு, தமிழ்மொழி மூலம் எழுதியவருக்கு 250 தேவைப்பட்டது, சிங்களமொழி மூலம் எழுதியவருக்கு 227 போதுமாக இருந்தது. அடுத்து மொழிவாரித் தரப்படுத்தல் வந்தது, 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் சேர்ந்தது. 2000களின் தொடக்கத்தில் வந்த இசட் முறை மொழியைப் பார்ப்பதில்லை. தமிழ், சிங்களம், ஆங்கிலம் எதில் எழுதினாலும் ஒரு பாடத்துக்கு ஒரே கூட்டம். மாவட்ட ஒதுக்கீடு மட்டும் விகிதங்கள் மாறி இன்றும் இருக்கிறது. அன்று யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளின் வாசலை அடைத்த அதே ஏற்பாடுதான், ஆய்வுகூடமோ பௌதிகவியல் ஆசிரியரோ இல்லாத வன்னிப் பாடசாலைப் பிள்ளைக்கு இன்று வாசல் திறக்கிறது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லத்தான் வேண்டும்.

வெட்டுப்புள்ளி பற்றியும் ஒரு சொல். அதை யாரும் முன்கூட்டியே உட்கார்ந்து தீர்மானிப்பதில்லை. ஒரு மாவட்டத்தில் ஒரு பாடநெறிக்குக் கடைசியாக உள்ளே போனவரின் இசட்தான் அந்த மாவட்ட வெட்டுப்புள்ளி. இடங்கள் கூடினால் அது இறங்கும், அந்த மாவட்டத்தில் நன்றாகச் செய்தவர்கள் கூடினால் ஏறும். போன வருடத்து வெட்டுப்புள்ளியை வைத்து "உனக்கு நிச்சயம்" என்று சொல்கிறவர் ஊகம்தான் சொல்கிறார். அதைவிட மாவட்ட நிலையைப் பாருங்கள். போன வருடம் உங்கள் மாவட்டத்தில் எத்தனையாவது ஆள் வரை அந்தப் பாடநெறிக்கு எடுத்தார்கள் என்று விசாரித்தால் கொஞ்சம் உறுதியான படம் கிடைக்கும்.

விண்ணப்பத்தில் பாடநெறிகளை வரிசைப்படுத்தும்போது நிறையப் பேர் பயந்து, கிடைக்கும் என்று நினைப்பதை முதலில் போடுகிறார்கள். அப்படிச் செய்யத் தேவையில்லை. உங்கள் வரிசையை மேலிருந்து பார்த்து, உங்கள் இசட்டுக்கு எட்டுகிற முதலாவதைத்தான் தருவார்கள். மேலே எட்டாத ஒன்றை எழுதியதற்காகக் கீழே உள்ளது பறிபோகாது. ஆனால் கீழே எழுத வேண்டியதை மேலே எழுதிவிட்டால், அதுவே கிடைத்துவிடும்.