காலைல ஏழு மணிக்கு எழுப்பினா, ராத்திரி தூக்கம் ஏன் இன்னும் தள்ளிப்போகுது?

கோத்தகிரி பக்கத்துல இருந்து ஒரு அம்மா கேட்டாங்க. பையனுக்கு பதினஞ்சு வயசு, பத்தாவது பாதியிலயே ஸ்கூலுக்கு போறத நிறுத்திட்டான். விடியக்காலை நாலு மணி வரைக்கும் முழிப்பு, எழுந்திரிக்கறது மதியம் பன்னெண்டு. அப்பாவுக்கு டீ ஃபேக்டரில நைட் ஷிஃப்ட், அவர் முடிச்சு வீட்டுக்குள்ள வரும்போதுதான் இவன் கம்பளிய இழுத்து மூடுறான், அதுலயே சண்டை ஆரம்பிச்சிடும். "ஒரு வாரம் ஏழு மணிக்கே எழுப்பி வாசல்ல வெளிச்சத்துல உக்கார வச்சேன் சார், திருந்துவான்னு பாத்தா இப்ப அஞ்சு மணி வரைக்கும் முழிச்சிருக்கான், பிடிவாதமா இல்ல நோயா?"

ரெண்டும் இல்லாம இருக்கலாம். மூளைல ஹைப்போதலாமஸ்ல ஒரு சின்ன நரம்பு செல் கூட்டம்தான் நம்ம உடம்போட கடிகாரம், அது எப்படி ஓடுதுன்னு ஜீன் அளவுல கண்டுபிடிச்சவங்களுக்கு 2017ல நோபல் கிடைச்சது, இதெல்லாம் நிறைய பேருக்கு தெரியும். வயசுக்கு வர்ற நேரத்துல அந்த கடிகாரம் ஒண்ணு ரெண்டு மணி நேரம் பின்னாடி போயிடுது, ராத்திரி ஆச்சுன்னு உடம்புக்கு சொல்ற மெலடோனின் ஹார்மோன் லேட்டா சுரக்குது. அதோட பகல் முழுக்க சேர்ற தூக்க அழுத்தமும் சின்ன பசங்கள விட மெதுவாத்தான் ஏறுது. அமெரிக்காவுல மேரி கார்ஸ்கடன் இத பல வருஷமா ஆராய்ச்சி பண்ணினவங்க. அதனாலதான் பத்து வயசுல ஒம்பது மணிக்கே சாஞ்ச புள்ள பதினஞ்சுல பதினொண்ணு ஆனாலும் கொட்ட கொட்ட முழிக்குது. அதுக்கு மேல கைல போனும் ராத்திரி டீயும் சேர்ந்தா நாலு மணிக்கு வந்து நிக்கும்.

இப்ப எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயத்துக்கு வர்றேன். நம்ம கண்ணுக்குள்ள பாக்கறதுக்குன்னு இல்லாம, வெளிச்சம் எவ்ளோன்னு அளந்து அந்த கடிகாரத்துக்கு சொல்றதுக்குன்னே தனியா கொஞ்சம் செல்லுங்க இருக்கு, மெலனாப்சின்னு ஒரு நிறமி அதுல இருக்கு, பார்வையே போன சில பேருக்கு கூட இந்த செல்லுங்க வேலை செய்யுது. ஆனா வெளிச்சம் பட்டா கடிகாரம் முன்னாடிதான் வரும்னு இல்ல. உடம்பு சூடு ஒரு நாள்ல ரொம்ப இறங்குற ஒரு நேரம் இருக்கு, சாதாரணமா நாம தானா முழிக்கறதுக்கு ரெண்டு மூணு மணி நேரம் முன்னாடி. அந்த நேரத்துக்கு அப்புறம் படற வெளிச்சம் கடிகாரத்த முன்னாடி இழுக்கும், அதாவது தூக்கம் சீக்கிரம் வரும், அதுக்கு முன்னாடி படற வெளிச்சம் பின்னாடி தள்ளிவிடும், தூக்கம் லேட்டாகும். ஊஞ்சல் ஆட்டுறவங்களுக்கு இது புரியும், நம்மள விட்டு போகும்போது தள்ளினா வீசி ஆடும், நம்ம பக்கம் வரும்போது அதே கை அதே பலத்துல தள்ளினா தடுத்து நிறுத்திடும்.

இந்த பையன் தானா முழிக்கறது பன்னெண்டு மணிக்குன்னா, அவன் உடம்பு சூடு ரொம்ப இறங்குற அந்த நேரம் காலைல ஒம்பது, பத்து மணி. ஏழு மணிங்கறது அவனுக்கு நடுராத்திரி மாதிரி. அப்ப வாசல்ல உக்கார வச்சா, அவன் கடிகாரம் அத சாயங்கால வெளிச்சம்னு எடுத்துக்கிட்டு இன்னும் பின்னாடி போகும். அந்த அம்மா பாசத்தோட பண்ணினது, பண்ணின நேரம்தான் தப்பு.

அதனால பன்னெண்டு மணிக்கு எழுந்ததும் வெளிய கூட்டிட்டு போங்க, அங்கிருந்து ரெண்டு நாளைக்கு ஒருக்கா கால் மணி, அரை மணி முன்னாடி நகர்த்துங்க. மலைல எப்ப பாத்தாலும் மூடு பனியாச்சே, வெளிச்சம் எங்கன்னு கேக்கலாம். மேகம் மூடின பகல்ல கூட வெளிய வெளிச்சம் ஆயிரக்கணக்குல லக்ஸ் இருக்கும் (லக்ஸ்ங்கறது வெளிச்சத்த அளக்கற அளவு), ட்யூப்லைட் போட்ட ரூம்ல சில நூறு தாண்டாது. தேயிலை தோட்டத்து வழியா அரை மணி நேரம் நடந்தாலே போதும். ராத்திரி லைட்ட கம்மி பண்ணுங்க. மத்தியானத்துக்கு மேல டீ வேணாம், தூக்க அழுத்தத்த உண்டாக்குற அடினோசினோட எடத்துல டீல இருக்கற கஃபீன் போய் உக்காந்துக்கும், டீ விளையுற ஊர்ல இத சொல்றது கஷ்டம்தான்.

அவனுக்கு காத்து கருப்பு பட்டிருக்குன்னு மந்திரிச்சு கயிறு கட்டி, மொளகா புகையும் காட்டியிருக்காங்க. கோயிலுக்கு போறது உங்க மனசு, அதுல நான் தலையிடல, ஆனா இருமி இருமி கண்ணு செவந்து நிக்கிற புள்ளைய பிடிச்சு வைக்கறத எனக்கு ஏத்துக்கவே முடியல.

அமெரிக்க குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2014லயே பதின்வயசு பசங்களுக்கு எட்டரைக்கு முன்னாடி ஸ்கூல் ஆரம்பிக்காதீங்கன்னு சொல்லிடுச்சு, கலிஃபோர்னியாவுல 2022ல இருந்து ஹைஸ்கூலுக்கு அது சட்டமே. இங்க எட்டு மணி ஸ்பெஷல் கிளாஸுக்கு ஆறரை பஸ்ஸ பிடிக்க இருட்டுல நிக்கிற பசங்கள நான் தினமும் பாக்கறேன். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துல எம்.கே.சந்திரசேகரன் குகை வௌவால வச்சு இதே கடிகாரத்த ஆராய்ஞ்சவர். வௌவால் ஆராய்ச்சிக்கு எதுக்கு காசுன்னு கேக்கறவங்க இந்த மாதிரி ஒரு வீட்டுக்குள்ள ஒரு நாள் வந்து பாக்கணும், நம்ம பசங்க தூக்கத்த நம்ம ஊர்லயே அளக்கறதுக்கு பணம் ஒதுக்கணும்.

எல்லாமே தூக்கம்தான்னு நான் சொல்லல. ஸ்கூல்ல யாராவது சீண்டறாங்களா, எழுத்து கூட்டி படிக்க சிரமப்படறானா, மன அழுத்தமா, போதைப்பழக்கமா, இதெல்லாம் சத்தம் போடாம கேட்டு தெரிஞ்சுக்கணும். டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி ஃபோன் இருக்கு, 14416ல இலவசமா தமிழ்லயே பேசலாம். சாகணும்ங்கற பேச்சு வந்தா ஒரு நாள் கூட தள்ளாம ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போயிடுங்க. பரீட்சைய தனித்தேர்வரா அப்புறமும் எழுதிக்கலாம்.

போன வாரம் பேசினப்ப பத்தரைக்கு எழுந்துக்கறான், அப்பாவோட நடக்க போறான்னாங்க. ஸ்கூல் பேச்ச எடுக்கட்டுமான்னு கேட்டாங்க. எட்டு மணிக்கு தானா முழிக்கட்டும், அது வரைக்கும் எடுக்காதீங்கன்னு சொல்லியிருக்கேன்.