காற்றை உறிஞ்சினால் போதுமா? வேக்யூம் சீலர் வாங்கும் முன்

தனி ஃப்ரீசரோ, ஃப்ரிட்ஜில் தாராளமான ஃப்ரீசர் இடமோ இல்லாத வீட்டுக்கு, பைக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி வாயை ஒட்டும் வேக்யூம் சீலர் மெஷின் தண்டச்செலவு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள்தான் மேற்கொண்டு கட்டாயம் படிக்க வேண்டியவர்கள்.

வீட்டிலிருந்தே பொடி, வத்தல், ஊறுகாய் போட்டு விற்கும் பெண்களுக்கு நெல்லை வட்டாரத்தில் உணவுப் பாதுகாப்புப் பயிற்சி கொடுப்பது என் வேலை. இப்போதெல்லாம் எந்த ஊருக்குப் போனாலும் இந்த மெஷின் பற்றிய கேள்வி வந்துவிடுகிறது. அம்பாசமுத்திரத்தில் ஒரு அக்கா, "மேடம், காத்த உறிஞ்சிட்டா சாமான் கெட்டுப் போவாதுல்லா? மாசக் கணக்கா வெளியவே வைக்கலாம்னு வீடியோல சொல்லுதாவளே" என்றார். பெங்களூரில் இருக்கும் மகனுக்குச் சொதி வைத்து, பையில் அடைத்து, சாயங்கால ஆம்னி பஸ்ஸில் போட்டுவிட வேண்டும் என்பது அவர் திட்டம்.

அந்தச் சொதியையே எடுத்துக்கொள்வோம். தேங்காய்ப்பால், பாசிப்பருப்பு, உருளைக்கிழங்கு, முருங்கைக்காய். தண்ணீர்ச்சத்து ஏராளம், புளிப்பென்று இருப்பது கடைசியில் பிழியும் எலுமிச்சை மட்டும். பாத்திரத்தில் எவ்வளவு நேரம் கொதித்தாலும் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியா மண்ணில் வாழ்வது. கிழங்கு, இஞ்சி, பூண்டோடு சமையலறைக்குள் வந்துவிடும். அதன் ஸ்போர்கள், அதாவது விதை மாதிரி உறங்கிக் கிடக்கும் அதன் வடிவம், அந்தக் கொதியிலும் சாகாது. ஈரமும் புளிப்புக் குறைவும் அதற்கு வசதி. காற்று இருந்தால் அது வளராது, அதுதான் நமக்கிருந்த ஒரே பாதுகாப்பு. அந்தக் காற்றையும் நாமே உறிஞ்சி எடுத்து, பை வாயை ஒட்டி, வெயிலில் காய்ந்த பஸ் டிக்கியில் போடுகிறோம். கெட்டுப்போனதை வாடையாலும் பிசுபிசுப்பாலும் காட்டிக்கொடுக்கும் மற்ற கிருமிகளில் பலவும் காற்றில்லாமல் அடங்கிவிடும். அதனால் பை பார்க்க நன்றாகவே இருக்கும். முகர்ந்து பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று இருக்காதீர்கள். ருசி பார்ப்பது அதைவிட மோசம்.

இந்தப் பாட்டுலினம் கிருமியின் நஞ்சால் வரும் பாட்டுலிசம் அபூர்வமான நோய்தான். ஆனால் வந்தால் உயிரோடு விளையாடும். பெரும்பாலும் சாப்பிட்ட 12 முதல் 36 மணி நேரத்துக்குள் இமை தொங்கும், பார்வை இரட்டையாகத் தெரியும், நாக்குக் குழறும், விழுங்க முடியாது, பிறகு மூச்சுத் தசைகளும் தளரும். காய்ச்சல் பொதுவாக இருக்காது என்பதால் சாதாரண மயக்கம் என்று விட்டுவிடுவார்கள். நேரே பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி மாதிரிப் பெரிய இடத்துக்குப் போய், என்ன சாப்பிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சொதி அனுப்பியே ஆக வேண்டுமா? சீக்கிரம் ஆறவைத்து, டப்பாவில் கல்லாக உறையவைத்து, அந்தக் கட்டியைப் பையில் போட்டு ஒட்டுங்கள். தெர்மோகோல் பெட்டியில் ஐஸோடு போகட்டும். அங்கே பிரிக்கும்போது கட்டி உறைந்தே இருந்தால் கொதிக்கவைத்துச் சாப்பிடலாம். முழுக்க இளகி, குளிர்ச்சியும் போயிருந்தால் கொட்டிவிட வேண்டும். தேங்காய்ப்பால் உறைந்து இளகும்போது திரிந்தாற்போல் ஆகும், அது வேறு விஷயம். என்னைக் கேட்டால், மகனுக்குச் சொதி வைக்கச் சொல்லிக்கொடுப்பது மெஷின் விலையைவிட மலிவு.

மெஷின் தன் விலையைச் சம்பாதிப்பது மீனில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகுகள் போகாததால் விலை ஏறிவிடும். அதற்கு முன் சீலா மீனை மொத்தமாக வாங்கித் துண்டு போட்டு வைப்பவர்களுக்கு இது உண்மையிலேயே உதவும். சாதாரணக் கவரில் வைத்த துண்டு ஓரம் வெளுத்து, காய்ந்து, சக்கையாகிவிடும். காற்றில்லாப் பையில் அது வெகுவாகக் குறையும். துண்டுகளைத் தட்டில் பரப்பி ஓரிரு மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து, மேல்பக்கம் இறுகிய பிறகு பையில் போடுங்கள். இல்லையென்றால் மெஷின் மீன் தண்ணீரையும் சேர்த்து இழுக்கும், வாய் ஒட்டாது. துடுப்பும் முள்ளும் பையைக் குத்தும், துடுப்பை நறுக்கிவிடுங்கள்.

சூரை, அயிலை, சாளை விஷயத்தில் இன்னும் கவனம். கரையிலிருந்து வீடு வரும்வரை ஐஸில் இல்லாவிட்டால் இவற்றில் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் கூடிவிடும். அது சமைத்தாலும் போகாது, உறையவைத்தாலும் போகாது, காற்றை எடுத்தாலும் போகாது.

உறைந்த மீனை இளகவைக்க ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைக்கும் முன் பையைக் கத்தரித்துத் திறந்துவிடுங்கள். மீனில் வரக்கூடிய பாட்டுலினம் வகைகள் ஃப்ரிட்ஜ் குளிரிலும் மெல்ல வளரக்கூடியவை. இதை மெஷின் அட்டைப்பெட்டியில் யாரும் பெரிய எழுத்தில் போடுவதில்லை.

உலர்ந்த சாமானுக்கு? பொடி உறிஞ்சலில் பறந்து ஒட்டும் இடத்தில் படியும், முறுக்கு நொறுங்கும், கூழ்வத்தல் பையைக் கிழிக்கும். இறுக்கமான மூடி போட்ட பாட்டில் போதும். மழைக்காலத்தில் கசியும் உடன்குடிக் கருப்பட்டிக்கு வேண்டுமானால் நல்லது. அல்வாவை மூன்று மாதம் வைத்திருக்கிற வீட்டை நான் இன்னும் பார்க்கவில்லை. பூண்டைப் புளிப்பில்லாமல் எண்ணெயில் ஊறவைத்து அடைக்கவே கூடாது. பச்சைக் காளானும் வேண்டாம்.

வாங்கப் போனால் மெஷின் விலையை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். வீட்டு மெஷின்களில் பலவற்றுக்கு உள்பக்கம் வரிவரியாக இருக்கும் தனிப் பை வேண்டும். மளிகைக் கடை பாலிதீன் கவர் ஆகாது. அந்த ரோல் பாளையங்கோட்டையிலோ வண்ணார்பேட்டையிலோ கிடைக்குமா, ஒரு பைக்கு என்ன விழும் என்று விசாரித்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.