கானக ஃபின்னியர்: சொல் விளக்கம்

ஃபின்னிய மொழியில் 'மெட்சா' என்றால் காடு. 'மெட்சாசுவோமலாய்செட்' என்றால் காட்டில் குடியேறிய ஃபின்னியர். ஸ்வீடன்காரர்கள் இவர்களை 'ஸ்கூக்ஸ்ஃபின்னர்' என்கிறார்கள், பொருள் அதேதான்.

வெறும் 'ஃபின்' என்று சொன்னால் போதாதா? நார்வேயில் போதாது. அங்கே பழைய வழக்கில் அந்தச் சொல் வட ஸ்காண்டிநேவியாவின் பழங்குடிகளான சாமி (Sámi) மக்களைக் குறித்தது. ஃபின்மார்க் என்ற வடகோடி மாவட்டத்தின் பெயரும் அப்படி வந்ததுதான். அதனால் 'காடு' என்ற அடைமொழி இங்கே அவசியம்.

இவர்களின் பூர்வீகம் கிழக்கு ஃபின்லாந்தின் சாவோ பகுதியும் அதை ஒட்டிய வட ஹாமேயும். 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் போர், வரி, விளைநிலத் தட்டுப்பாடு எல்லாம் சேர்ந்து நெருக்கின. ஃபின்லாந்து அப்போது ஸ்வீடன் அரசின் பகுதி. ஆளில்லாத காடுகளில் குடியேறுவோருக்குச் சில ஆண்டுகள் வரி இல்லை என்று அரசு சொன்னதும், குடும்பம் குடும்பமாக நடு ஸ்வீடனுக்குக் கிளம்பினார்கள். மேற்கு ஸ்வீடனின் வார்ம்லாந்து வழியாக நார்வே எல்லைக்குள்ளும் போனார்கள். அங்கே 1686-இல் இவர்களைத் தனியாகக் கணக்கெடுத்திருக்கிறார்கள்.

இவர்களுடைய தனித்திறமை 'ஹூஹ்தா' என்ற வேளாண்மை. முதிர்ந்த ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரங்களை வெட்டிச் சாய்த்து, நன்றாகக் காயவிட்டு எரிப்பார்கள். அந்தச் சாம்பலில் ரை என்ற தானியத்தின் ஒரு தனி வகையை இடைவெளி விட்டு விதைப்பார்கள். ஒரே விதை பல தாள்களாகக் கிளைக்கும். ஓரிரு அறுவடை முடிந்தால் அடுத்த காடு. இதை வைத்தே ஸ்வீடிஷில் இன்னொரு பெயர் வந்தது: 'ஸ்வேத்யஃபின்னர்', எரித்துப் பயிரிடும் ஃபின்னியர். பிற்பாடு இரும்பு உலைகளுக்கு மரக்கரி தேவைப்பட்டபோது, வரவேற்ற அரசே எரிப்பதைக் கட்டுப்படுத்தியது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'காட்டு ஃபின்னியர்' என்பதை நான் ஏற்கமாட்டேன். 'காட்டு' என்ற முன்னொட்டு பண்படாதவர் என்ற தொனியை எளிதில் கொண்டுவந்துவிடும். தேர்ந்த உழவர்களுக்கு அது அநியாயம். கானக ஃபின்னியர் என்பதே பொருத்தம். 'ஸ்வேத்யஃபின்னர்' என்ற இரண்டாவது பெயருக்கு நம்மிடம் நல்ல சொல்லே இருக்கிறது. காட்டை எரித்துத் தினை விதைத்த குறிஞ்சி நிலத்தைச் சங்கப் பாட்டு 'சுடுபுனம்' என்கிறது. ஆகவே, சுடுபுன ஃபின்னியர்.

இவர்களுடைய சாவோ வட்டார மொழியைப் பேசிய கடைசி ஆட்கள் 1960களில் மறைந்தார்கள். இனமாக அடையாளம் நிற்கிறது: நார்வே இவர்களைத் தேசியச் சிறுபான்மையினராக ஏற்றிருக்கிறது. அதே பட்டியலில் உள்ள குவென் மக்கள் வடக்கு நார்வேயில் குடியேறிய வேறொரு ஃபின்னியக் கிளை. அவர்களுக்குக் கானக ஃபின்னியர் என்ற பெயர் பொருந்தாது.