வாக்கியாக்கு என்றால் துணை நடிகரா?

ஜப்பானிய நடிகர் தகாஷி ஷிமுராவைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே தட்டுகிறது. அவரை என்னவென்று அறிமுகப்படுத்துவது? "துணை நடிகர்" என்று எழுதலாம். ஆனால் கோடம்பாக்கத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் ஊறிப்போய்விட்டது. கூட்டத்தில் ஒருவராக நின்றுவிட்டு அன்றைய சம்பளத்தை வாங்கிக்கொண்டு போகிறவரைத்தான் அங்கே துணை நடிகர் என்கிறார்கள். அகிரா குரோசாவா இயக்கிய 30 படங்களில் 21 படங்களில் நடித்த ஒருவரை அந்தப் பெயரால் அழைக்க மனம் வரவில்லை. "குணச்சித்திர நடிகர்" பரவாயில்லை, அதற்கு அப்புறம் வருகிறேன். ஜப்பானியர்கள் இப்படிப்பட்டவரை ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறார்கள்: வாக்கியாக்கு.

தமிழ் எழுத்தில் பார்த்தால் நம் வாக்கியம் நினைவுக்கு வரும். அதற்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஜப்பானிய வாயில் இது நான்கு குறில் அசைகள்தான்: வ, கி, ய, கு. இரண்டு ககரத்தையும் வல்லோசையாக ஒலிக்க வேண்டும் என்பதால் ஒற்றுப் போட்டு எழுதியிருக்கிறேன்.

சொல்லைப் பிரித்தால் வாக்கி, யாக்கு என்று இரண்டாகும்.

வாக்கி என்பது உடம்பில் பிறந்த சொல். அக்குள், அதற்குக் கீழே விலாப்பக்கம், அந்த இடம்தான் வாக்கி. பிறகு அது எதன் பக்கவாட்டுக்கும் ஆகிவந்தது. சாமுராய் நீள வாளோடு சேர்த்து இடுப்பில் செருகியிருக்கும் குட்டை வாள் வாக்கிசாஷி, அதாவது பக்கத்தில் செருகியது. பெரிய சாலையிலிருந்து பிரிகிற கிளைப்பாதை வாக்கிமிச்சி. சூமோ மல்யுத்தத்தில் ஓசெக்கி என்ற பதவிக்கு அடுத்த கீழ்ப்படியில் நிற்பவர் செக்கிவாக்கே. அவர் பட்டத்திலும் இந்தப் 'பக்கம்' ஒளிந்திருக்கிறது. வாக்கியை எழுதும் சித்திர எழுத்தைக் கவனித்தால், இடப்புறம் தசையைக் குறிக்கும் உறுப்பும் வலப்புறம் 'வலிமை' என்ற எழுத்து மூன்று தடவையும் இருக்கும். வலப்புறப் பகுதி ஒலிக்காகச் சேர்ந்ததுதான். இருந்தாலும் 'பக்கபலம்' என்ற நம் சொல் எனக்கு உடனே நினைவுக்கு வந்தது.

யாக்கு என்றால் வேடம். வேடம் மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. கடமை, பதவி, பொறுப்பு எல்லாமே யாக்குதான். நடிகர் யாக்குஷா, அரசு அலுவலர் யாக்குனின், அரசு அலுவலகம் யாக்குஷோ. "பயன்படுகிறது" என்று சொல்லவும் யாக்கு வரும் தொடரைத்தான் சொல்வார்கள். இன்றைய ஜப்பானின் புகழ்பெற்ற நடிகர் கோஜி யாக்குஷோ ஒரு காலத்தில் தோக்கியோவின் சியோதா வட்ட அலுவலகத்தில் வேலை பார்த்தவர். அதை வைத்தே அவருடைய ஆசான் தத்சுயா நகடாய் அவருக்கு யாக்குஷோ என்று பெயர் சூட்டினார். ஆக, ஒருவர் ஏற்கும் வேடத்துக்கும் ஒருவர் பார்க்கும் வேலைக்கும் அந்த மொழியில் ஒரே சொல். வாக்கியாக்கு என்றால் 'பக்கத்தில் இருந்து செய்கிற வேலை' என்று கொள்ளலாம்.

சரி, எதற்குப் பக்கத்தில்? இதற்கு விடை சினிமாவில் இல்லை. அறுநூறு ஆண்டுப் பழமை கொண்ட நோ நாடகத்தில் இருக்கிறது.

நோ மேடையில் இரண்டு பேர் முக்கியம். ஷித்தே என்பவர் தலைமை வேடம். முகமூடி அணிபவர், ஆடுபவர். பெரும்பாலும் அது ஓர் ஆவியாகவோ தெய்வமாகவோ மனம் பேதலித்த பெண்ணாகவோ இருக்கும். இன்னொருவர் வாக்கி. அவருக்கு முகமூடி கிடையாது. அவர் எப்போதும் உயிரோடு இருக்கும் ஓர் ஆண். பல நாடகங்களில் ஊர் ஊராகப் போகும் துறவி. வாக்கிதான் முதலில் மேடைக்கு வருவார். தான் யார், எங்கிருந்து எங்கே போகிறேன் என்று சொல்வார். அங்கே ஒரு ஆளைச் சந்திப்பார், கேள்வி கேட்பார். கேள்விக்கு மேல் கேள்வி கேட்கக் கேட்க அந்த ஆள் இறந்துபோன ஒருவரின் ஆவி என்பது வெளிவரும். அதன் பிறகு வாக்கி, பார்வையாளருக்கு வலக்கைப் பக்கமாக உள்ள ஒரு தூணருகே போய் உட்கார்ந்துவிடுவார். அந்தத் தூணுக்கே வாக்கித் தூண் என்றுதான் பெயர். ஷித்தே ஆடி முடிக்கும்வரை அவர் அங்கே அசையாமல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்.

அட்சுமோரி என்ற நாடகத்தில் இது நெஞ்சைப் பிசையும். போரில் அட்சுமோரி என்ற இளைஞனைக் கொன்ற வீரன் மனம் நொந்து துறவியாகி, அவனுக்காகப் பிரார்த்திக்க அதே போர்க்களத்துக்கு வருகிறான். அவன்தான் வாக்கி. செத்தவன் ஷித்தே. கொன்றவன் பக்கத்தில் உட்கார்ந்து, கொல்லப்பட்டவன் தன் கதையைச் சொல்லிக் கேட்கிறான். அவன் வந்து கேட்காவிட்டால் அந்த ஆவிக்கு வாயே திறக்காது. நாடகமே இல்லை.

வாக்கி வேடத்துக்கென்று தனிப் பரம்பரைகள் மூன்று இன்றும் இருக்கின்றன. அதில் பயின்றவர் வாழ்நாள் முழுக்க வாக்கியாகவே மேடை ஏறுவார். ஷித்தே ஆக முடியாமல் வாக்கி ஆனவர் என்று யாரும் சொல்வதில்லை. இரண்டும் இரண்டு கலைகள்.

கவிதையிலும் இதே சொல் உண்டு. பலர் கூடி அடுத்தடுத்துப் பாடும் ரெங்கா என்ற தொடர்கவிதையில் முதல் பாட்டை விருந்தாளி பாடுவார். இரண்டாவது பாட்டுக்குப் பெயர் வாக்கி. அதை வீட்டுக்காரர் பாடுவார். வந்தவரின் பாட்டை உயர்த்திப் பிடிப்பது போல் அது அமைய வேண்டும், அதை மறைத்துவிடக் கூடாது. விருந்தோம்பல் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு ஷிமுராவிடம் வரலாம்.

1905இல் ஹியோகோ மாகாணத்தில் இகுனோ என்ற வெள்ளிச் சுரங்க ஊரில் பிறந்தவர். ஒசாகா நகராட்சியின் குடிநீர்த் துறையில் வேலை பார்த்துக்கொண்டே கன்சாய் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படித்தார். நாடகப் பித்து பிடித்து வேலை போயிற்று, படிப்பும் நின்றது. மேடையில் சில ஆண்டுகள், 1934 முதல் சினிமா. 1943இல் குரோசாவா தன் முதல் படத்தை எடுத்தபோது அதில் ஜுஜுத்சு என்ற தற்காப்புக் கலையின் வயதான ஆசானாக வந்தார். அன்று தொடங்கிய உறவு 1980இல் வந்த ககேமுஷா வரை போயிற்று.

ராஷோமோன் படத்தில் (1950) அவர் விறகுவெட்டி. கொட்டுகிற மழையில் இடிந்த நகர வாசலுக்கடியில் உட்கார்ந்து "புரியவில்லை, ஒன்றுமே புரியவில்லை" என்று அவர் முனகுவதில்தான் படம் ஆரம்பிக்கிறது. எல்லோரும் பேசுவது கொள்ளைக்காரன், மனைவி, செத்த சாமுராயின் ஆவி ஆகிய மூவர் சொல்லும் மூன்று கதைகளைப் பற்றி. அந்த விசாரணைக் காட்சிகளை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். முன்னால் ஒருவர் நம்மை நோக்கி வாக்குமூலம் கொடுத்துக்கொண்டிருப்பார். பின்னால், வெயில் விழும் முற்றத்தின் சுவரோரம், விறகுவெட்டியும் ஒரு துறவியும் மண்டியிட்டு உட்கார்ந்திருப்பார்கள். அசைவில்லை, பேச்சில்லை. முதல் தடவை பார்க்கும்போது அவர்கள் அங்கே இருப்பதே தெரியாது. நோ நாடகத்தின் வாக்கித் தூணைப் பற்றித் தெரிந்துகொண்ட பிறகு என்னால் அவர்களை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. குரோசாவா நோ நாடகத்தில் ஊறியவர்.

இரண்டே ஆண்டில் இகிரு படத்தில் (1952) ஷிமுரா தலைமை வேடம். முப்பது ஆண்டுகள் கோப்புகளில் முத்திரை குத்தியே காலம் தள்ளிய ஒரு நகராட்சி அலுவலர், வயிற்றுப் புற்றுநோய் என்று தெரிந்ததும் குழந்தைகளுக்கு ஒரு பூங்கா கட்டிவிட்டுச் சாகிறார். பனி கொட்டும் இரவில் அந்தப் பூங்காவின் ஊஞ்சலில் தனியாக உட்கார்ந்து, ஆடியபடியே, கரகரத்த குரலில் பழைய காதல் பாட்டொன்றைப் பாடுவார். ஒரு காலத்தில் நகராட்சி வேலை பார்த்தவர் திரையில் நகராட்சி யாக்குனின் ஆகிறார். யாக்கு என்ற சொல்லின் இரண்டு பொருளும் ஒரே ஆளிடம் வந்து சேர்ந்துகொண்டன.

1954இல் ஏழு சாமுராய். கடத்தப்பட்ட குழந்தையை மீட்பதற்காகக் குடுமியை மழித்துக்கொண்டு துறவி வேடம் போடும் தலைவன் கம்பெய் அவர்தான். மழித்த தலையைக் கையால் தடவிக்கொண்டு யோசிப்பார். யோசனை, கூச்சம், கவலை மூன்றுக்கும் அந்த ஒரே சைகை. ஒவ்வொரு தடவையும் வேறு வேறாகத் தெரியும். அதே ஆண்டு நவம்பரில் முதல் காட்ஸில்லா படத்தில் தொல்லுயிர் ஆய்வாளர் யமானே. அரக்கனைக் கொன்றே தீர வேண்டும் என்று எல்லோரும் துடிக்கையில், அதை ஆராய வேண்டும் என்று வருத்தப்படும் ஒரே ஆள்.

இந்த உயரத்துக்கு வந்த நடிகர் அப்புறம் என்ன செய்தார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. திரும்பவும் தூணருகே போய் உட்கார்ந்துகொண்டார். 1955இல் குரோசாவா எடுத்த படத்தில் அணுகுண்டுப் பயத்தில் குடும்பத்தோடு நாட்டைவிட்டே போக நினைக்கும் கிழவர் தலைமை வேடம். அதை 35 வயது தொஷிரோ மிஃபுனே கிழவர் ஒப்பனை போட்டுக்கொண்டு செய்தார். நிஜத்தில் 50 வயதான ஷிமுரா, குடும்ப நீதிமன்றத்தில் சமரசக்காரராக அமர்ந்து அந்த வழக்கைக் கேட்கும் பல் மருத்துவராக வந்தார். கேட்பது, யோசிப்பது, இதுதான் அவர் வேலை. 1961இல் யோஜிம்போவில் ஒரு சாராய வியாபாரி, சில காட்சிகள். ககேமுஷாவில் வந்ததும் சின்ன வேடம். வெளிநாட்டுக்கென்று சுருக்கிய பதிப்பில் அதுவும் வெட்டுப்பட்டது. 1982 பிப்ரவரியில் இறந்தார். இந்தப் போக்கைச் சரிவு என்று சொன்னால் வாக்கியாக்கு என்ற சொல் புரியவில்லை என்றுதான் பொருள்.

பேச்சு வழக்கில் ஜப்பானியரும் "நான் இதில் வாக்கியாக்குதான்" என்று தன்னைத் தாழ்த்திச் சொல்வதுண்டு, மறுக்கவில்லை. அதே வாயால் பெயர்பெற்ற பக்கவேடக்காரரை மெய்வாக்கியாக்கு என்று புகழ்வார்கள்; 'மெய்' என்றால் அங்கே புகழ். ஒரு படத்தில் தேர்ந்த நடிகர்கள் நாயகனைச் சுற்றி நின்றால் "வாக்கியை உறுதியாக்குகிறார்கள்" என்று பத்திரிகைகள் எழுதும். நாம் 'பக்கபலமாக நிற்கிறார்கள்' என்று எழுதும் இடம் அது.

அண்டை வீட்டுச் சொற்களும் உண்டு. தலைமை வேடம் ஷுயாக்கு. ஓரிரு வரி வசனம் மட்டும் உள்ளது ஹாயாக்கு, ஓரத்து வேடம். இன்னும் கீழே போனால் கிராரேயாக்கு: வாள் சண்டைப் படங்களில் நாயகன் கையால் வெட்டுப்பட்டு விழுவது மட்டுமே வேலை. அதற்கும் ஒரு பெயர், ஒரு கலை. கியோத்தோவில் தோயெய் படப்பிடிப்புத் தளத்தில் 15 வயதில் சேர்ந்த செய்சோ ஃபுகுமோத்தோ அதில் மன்னர். "ஐம்பதாயிரம் முறை வெட்டுப்பட்டவர்" என்பது அவர் பட்டப்பெயர். வெட்டு விழுந்ததும் முதுகை இறால் மாதிரிப் பின்னோக்கி வளைத்து, முகம் தலைகீழாகக் கேமராவுக்குத் தெரியும்படி ஒரு நொடி நின்று, பிறகு சாய்வார். வெட்டினவரின் வீச்சு எவ்வளவு வலியது என்பதை நமக்குக் காட்டியது அந்த வளைவுதான். 2003இல் ஹாலிவுட் எடுத்த சாமுராய் படத்தில் டாம் குரூஸ் பின்னாலேயே வாய் திறக்காமல் நடக்கும் காவலாளி இவரே. 2014இல், எழுபது வயது கடந்து, முதன்முதலாக ஒரு படத்தில் தலைமை வேடம் கிடைத்தது. மொன்றியல் ஃபேன்டேசியா திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருதும் கிடைத்தது. 2021 புத்தாண்டு நாளில் காலமானார்.

இப்போது தமிழுக்கு வருவோம். குணச்சித்திர நடிகர் என்ற சொல் நமக்குப் பழகியது, தமிழ்நாடு அரசின் திரைப்பட விருதிலும் அதுதான் பெயர். ஒருவர் எப்படி நடிக்கிறார் என்பதை அது சொல்கிறது: குணத்தைச் சித்திரமாகத் தீட்டுகிறார். எங்கே நின்று நடிக்கிறார் என்பதைச் சொல்வதில்லை. இகிருவில் தலைமை வேடத்தில் ஷிமுரா செய்ததும் குணச்சித்திரம்தானே. வாக்கியாக்கு என்பது நிற்கும் இடத்தின் பெயர்.

'துணை'யில் இடமும் இல்லை, குணமும் இல்லை. உபபாத்திரம் என்பது கதையில் வரும் ஆளுக்கு ஆகும், நடிப்பவருக்கு ஆகாது.

நம்மிடம் 'பக்கம்' என்ற சொல் மதிப்பு குறையாமல் புழங்கும் துறை ஒன்று இருக்கிறது. கச்சேரியில் மிருதங்கமும் வயலினும் பக்கவாத்தியம். பக்கவாத்தியக்காரர் பாட்டுக்காரர் ஆக முடியாமல் போனவர் என்று யாரும் எண்ணுவதில்லை. தனி ஆவர்த்தனம் வரும்போது பாடகரே கையில் தாளம் போட்டுக் கேட்கிறார். வேடம் என்பது கூத்திலிருந்து நேராக வருகிற சொல். அதனால் வாக்கியாக்கு என்பதற்குப் பக்கவேடம் என்றும், அதைச் செய்பவருக்குப் பக்கவேடக்காரர் என்றும் எழுதலாம் என்று நினைக்கிறேன். வாக்கிக்குப் பக்கம், யாக்குவுக்கு வேடம். சொல்லுக்குச் சொல் உட்கார்ந்துவிடுகிறது.

பாங்கன் என்ற பழைய சொல்லையும் எடைபோட்டுப் பார்த்தேன். அகப்பாடல்களில் தலைவனின் தோழன் அவன். பாங்கு என்றால் பக்கம். தன்மை, குணம் என்றும் பொருள் உண்டு. குணமும் இடமும் ஒன்றாகக் கிடைப்பதால் ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்றைய வாசகருக்கு 'பாங்கு நடிகர்' என்றால் அடிக்குறிப்பு தேவைப்படும், வங்கி நினைவும் வரும். விட்டுவிட்டேன்.

நோ நாடகத்தின் வாக்கியை மட்டும் மொழிபெயர்க்காமல் வாக்கி என்றே விடலாம், அது ஒரு மேடைமரபின் பெயர். கிராரேயாக்குவுக்கு வெட்டுப்படு வேடம். ஷிமுரா கட்டுரையின் முதல் வரியை இப்போது இப்படி எழுதியிருக்கிறேன்: "தகாஷி ஷிமுரா (1905–1982), ஜப்பானியத் திரையின் பக்கவேடக்காரர், இரண்டொரு படங்களில் நாயகர்."