ராத்திரி பதினோரு மணி வரை கம்ப்யூட்டரில் படிக்கும் பிள்ளைக்கு ஏன் மார்க் வரவில்லை?

காலாண்டுத் தேர்வு விடைத்தாள் கொடுத்த மறுநாள் ஒரு அப்பா பள்ளிக்கு வந்தார். தறி ஓட்டுபவர், அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். மகன் என்னிடம் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். கணக்கில் நூற்றுக்கு 23.

"போன வருசம் அறுபதுக்குக் கீழ போனதே இல்லைங்க டீச்சர். இந்த வருசம் தவணைல கம்ப்யூட்டரே வாங்கிக் குடுத்துட்டனுங்க. ராத்திரி பதினோரு மணி வரைக்கும் அதுலதான் உக்காந்து படிக்கிறான். அப்புறம் ஏனுங்க மார்க்கு வர மாட்டேங்குது?"

ஜூன் மாதத்திலிருந்து இதே கேள்வியோடு என் முன்னால் வந்து உட்கார்ந்த பெற்றோரில் இவர் ஏழாவது ஆள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தப் பையனின் வீட்டுப்பாட நோட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். ஒரு தப்பு கிடையாது, ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது. எனக்கு அதுவே முதல் சந்தேகம். பதினான்கு வயதுப் பிள்ளை தானாகப் போட்ட கணக்கில் அடித்தல் இல்லாமல் இருக்காது. அடுத்து, காரணிப்படுத்தல் கணக்குகளை எல்லாம் இருபடிச் சமன்பாட்டுச் சூத்திரத்தை வைத்துப் போட்டிருந்தான். அந்தச் சூத்திரம் பத்தாம் வகுப்புப் புத்தகத்தில்தான் வருகிறது. நான் நடத்தியது நடு உறுப்பைப் பிரிக்கும் முறை.

பையனைக் கூப்பிட்டேன். "பெருக்கினா 6, கூட்டினா 5. எந்த ரெண்டு நம்பர் தம்பி?" அந்தப் பாடத்தை ஆரம்பிக்கும்போதே வாய்க்கணக்காகக் கேட்கும் கேள்வி இது. அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அப்பாவின் முகத்தை அப்போது பார்க்க முடியவில்லை.

நடந்தது இவ்வளவுதான். கணக்கை டைப் செய்தால் படிப்படியாக விடை தரும் செயலிகள் இப்போது நிறைய இருக்கின்றன. அவன் திரையில் வந்ததை நோட்டில் எழுதியிருக்கிறான். எஞ்சிய நேரத்தில் பாட வீடியோ பார்த்திருக்கிறான், நடுநடுவே விளையாட்டும் உண்டு. அந்தப் பையன் என்னிடம் பொய் சொல்லவில்லை. "பார்க்கறப்ப புரிஞ்சுது டீச்சர்" என்றான். உண்மையாகவே புரிந்திருக்கும்.

பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து ஏமாறும் இடம் இதுதான். பார்க்கும்போது புரிவது ஒன்று, நாமே செய்ய வருவது வேறு. அந்த அப்பாவிடம் கேட்டேன்: "இழை அறுந்தா நீங்க பிணைக்கறதை உங்க பையன் பக்கத்துல நின்னு பத்து நாள் பார்த்தான்னு வைங்க. பதினோராம் நாள் தறியை அவன்கிட்ட விட்டுட்டுப் போவீங்களா?" உடனே தலையை ஆட்டினார். கணக்கும் அப்படித்தான். அடுத்தவர் போடும்போது ஒவ்வொரு வரியும் சரியாகத்தான் தெரியும். அடுத்த வரி என்ன என்று தானே யோசிக்கும்போதுதான் கை நிற்கும். அப்படி நின்று, தடுமாறி, தப்பாக எழுதி, மறுபடி யோசிக்கும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் படிப்பு ஏறுகிறது. கம்ப்யூட்டர் அந்தப் பத்து நிமிடத்தையே எடுத்துவிடுகிறது.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு பகுதியைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒரு பிரிவினர் அதையே இன்னொரு தடவை படித்தார்கள். மற்றவர்கள் தாளை மூடி வைத்துவிட்டு, நினைவில் இருந்ததை எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்களே முன்னால் இருந்தார்கள்: 81 சதவீதம், எழுதிப் பார்த்தவர்கள் 75. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் தலைகீழ். திரும்பப் படித்தவர்களுக்கு 42 சதவீதம்தான் நினைவில் இருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. ராத்திரி புரிந்த பாடம் தேர்வு அன்று எங்கே போனது என்று கேட்கும் பெற்றோர் இந்த எண்களைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தாலே படிப்பு வந்துவிடும் என்று நம்புவது நம் ஊர்க்காரர்கள் மட்டும் இல்லை. ருமேனியாவில் 2004-இல் அரசே அப்படி நம்பி, வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் கம்ப்யூட்டர் வாங்க 200 யூரோ கூப்பன் கொடுத்தது. வருமான வரம்புக்குச் சற்றுக் கீழே இருந்ததால் கூப்பன் கிடைத்த குடும்பங்களையும், சற்று மேலே இருந்ததால் கிடைக்காத குடும்பங்களையும் மாலமுத், பாப்-எலகெஸ் என்ற இரு பொருளியலாளர்கள் ஒப்பிட்டார்கள். 2011-இல் வெளிவந்த அந்த ஆய்வில், கம்ப்யூட்டர் வந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்கு, ஆங்கிலம், தாய்மொழி எல்லாவற்றிலும் மதிப்பெண் குறைந்திருந்தது. கம்ப்யூட்டரைக் கையாளும் திறமை நன்றாகவே கூடியிருந்தது. படிப்புக்கான மென்பொருள் வைத்திருந்த வீடுகள் குறைவு, பெரும்பாலும் விளையாட்டுத்தான். நான் அடிக்கடி எடுத்துச் சொல்வது அந்த ஆய்வின் இன்னொரு பகுதியை: வீட்டுப்பாடத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் பெற்றோர் விதி வைத்திருந்த வீடுகளில் பாதிப்பு குறைவாக இருந்தது. அந்தப் பெற்றோர் பெரிய படிப்பு படித்தவர்களாக இருக்க வேண்டும் என்று இல்லை.

கலிபோர்னியாவில் வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாத 1,123 பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இலவசமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 2013-இல் வந்த முடிவு: மதிப்பெண் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

சரி, அப்படியானால் மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிடலாமா? அதுவும் கூடாது. 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினி வந்த பிறகுதான் எங்கள் பள்ளியில் பல பிள்ளைகள் முதல்முறையாக ஒரு கணினியைத் தொட்டார்கள். அண்ணனுக்கு வந்த மடிக்கணினியை வைத்துக்கொண்டு ஒரு மாணவி வீட்டில் ஜியோஜீப்ரா என்ற, வடிவங்களை வரைந்து அசைத்துப் பார்க்கும் கணித மென்பொருளில் வட்டம் வரைந்து பழகியிருக்கிறாள். விட்டத்தின் இரு முனைகளையும் வட்டத்தின் மேல் ஒரு புள்ளியோடு இணைத்துவிட்டு, அந்தப் புள்ளியை இழுத்து இழுத்துப் பார்த்திருக்கிறாள். மறுநாள் காலையில் வகுப்பு வாசலிலேயே நிறுத்தி, "எங்க இழுத்தாலும் 90 டிகிரியே காட்டுது டீச்சர், ஏன் மாறவே மாட்டேங்குது?" என்று கேட்டாள். அன்று அரைவட்டக் கோணத் தேற்றத்தை நடத்துவது எனக்கு எவ்வளவு சுலபமாக இருந்தது தெரியுமா? கேள்வியோடு கம்ப்யூட்டரிலிருந்து எழுந்து வரும் பிள்ளையைப் பற்றி எனக்குக் கவலை இல்லை.

இனி வீட்டில் செய்ய வேண்டியது.

கம்ப்யூட்டரைத் தனி அறையில் வைக்காதீர்கள். கூடத்தில், திரை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வையுங்கள். மடிக்கணினி என்றாலும் அதே இடம்தான். வீட்டுப்பாடம் முதலில் நோட்டில், பேனாவால், திரை அணைந்திருக்கும்போது முடிய வேண்டும். விடை சரியா என்று பார்க்க மட்டும் அப்புறம் திறக்கட்டும். ஒரு கணக்கு வரவில்லையா, வராத இடம் வரைக்கும் எழுதிக்கொண்டு பள்ளிக்கு வரட்டும். பாதியில் நிற்கும் கணக்குக்காக நான் எந்தப் பிள்ளையையும் திட்டியதில்லை. எங்கே நிற்கிறான் என்று தெரிந்தால்தான் எனக்கு வேலையே ஓடும். எல்லாம் சரியாக எழுதிக்கொண்டு வந்துவிட்டால் நான் யாருக்கு என்ன சொல்லிக் கொடுப்பது?

படிக்கும்போது போன் வேறு அறையில் இருக்கட்டும், உங்கள் போனும்தான். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் எல்லாத் திரையும் அணைய வேண்டும். பதினோரு மணி வரை விழித்திருக்கும் பிள்ளை முதல் பாடவேளையில் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிறான், நான் தினமும் பார்க்கிறேன்.

எழுத்துப் பழக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு மூன்று மணி நேரம் கையால் எழுத வேண்டிய தேர்வு. 2020-இல் பள்ளிகளை மூடியபோது திரைக்குப் பழகிய பிள்ளைகள் பலருக்கு, திரும்பி வந்தபோது ஒரு பக்கம் எழுதுவதற்குள் கை வலித்தது. தமிழாசிரியரைக் கேட்டால் லகர ளகரம் பற்றி அவர் தனியாக ஒரு கட்டுரையே எழுதுவார். ப்ராஜெக்ட் என்றால் இணையத்தில் எடுத்ததை அப்படியே அச்செடுத்து உறை போட்டுக் கொண்டு வருகிறார்கள். பாதி நேரம் அதில் இருப்பதை வாசிக்கக்கூட அதைக் கொண்டுவந்த பிள்ளைக்குத் தெரியவில்லை. பெற்றோரே பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்து எடுத்துத் தருகிறார்கள். தயவுசெய்து இதை நிறுத்துங்கள்.

கம்ப்யூட்டரைப் பிடுங்கி அடித்து மிரட்டுவதும் வேண்டாம். அடுத்த தெருவில் நண்பன் வீட்டில் ஒன்று இருக்கிறது, அங்கே போய்விடுவான். விதியை அவனையும் உட்கார வைத்துப் பேசி வையுங்கள். வைத்த விதியை நீங்களும் மீறாதீர்கள்.

"எனக்குக் கணக்கு தெரியாதுங்களே டீச்சர், நான் எப்படிப் பார்க்கறது?" என்று அந்த அப்பா கேட்டார். எல்லோரும் கேட்பதுதான். உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் நோட்டில் ஒரு கணக்கைத் தொட்டு, "இதை எப்படிப் போட்டேன்னு சொல்லுடா" என்று மட்டும் கேளுங்கள். திரை அணைந்திருக்க வேண்டும். தானாகப் போட்டவன் விரலை வைத்துக்கொண்டு கடகடவென்று சொல்லுவான். பார்த்து எழுதியவன் இரண்டாவது வரியிலேயே திணறுவான். திணறினால் திட்டாதீர்கள், மறுநாள் என்னிடம் அனுப்புங்கள்.

மூன்று வாரமாக அவர் இதைச் செய்கிறார். கம்ப்யூட்டர் கூடத்துக்கு வந்துவிட்டதாம். போன திங்கட்கிழமை பையன் கொண்டுவந்த வீட்டுப்பாடத்தில் ஐந்தில் மூன்று தப்பு. ஒரு கணக்கில் கழித்தல் குறியை விட்டுவிட்டு, எங்கே பிசகியது என்று தெரியாமல் நாலு தடவை அடித்து எழுதியிருந்தான். பக்கத்தில் உட்கார வைத்து, அவன் எழுதிய வரியிலேயே அந்தக் குறியைக் காட்டினேன். மீதி இரண்டையும் அங்கேயே அவனே திருத்திவிட்டான். அரையாண்டுக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது.