ரீசெட் என்பது மீட்டமைத்தல் அன்று

"கணினி தகராறு செய்கிறதா? மீட்டமைத்துப் பாருங்கள், சரியாகிவிடும்." தமிழில் கணினிப் பழுது பற்றிப் பேசும் காணொளிகளில் இந்த அறிவுரை அடிக்கடி காதில் விழுகிறது. ஒருவர் விண்டோஸ் கணினியின் அமைப்புகளை முந்தைய ஒரு நாளின் நிலைக்குக் கொண்டுபோகும் ரீஸ்டோரை மனத்தில் வைத்துச் சொல்கிறார், இன்னொருவர் விண்டோஸையே புதிதாக நிறுவும் ரீசெட்டை. கேட்பவருக்குக் கிடைப்பதோ ஒரே சொல். ரீஸ்டோர் செய்தால் குடும்பப் படங்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். ரீசெட்டில் "எல்லாவற்றையும் நீக்கு" என்பதைத் தேர்ந்தால் ஒன்றும் மிஞ்சாது. இவ்வளவு தூரம் விலகி நிற்கும் இரண்டு செயல்களுக்கு ஒரே பெயர் வைத்திருக்கிறோம்.

பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ரீசெட் என்றால் திரும்ப வைத்தல், திரும்பப் பொருத்துதல். ரீஸ்டோர் லத்தீனின் 'ரெஸ்டவுராரே' வழியே பிரெஞ்சுக்குப் போய் ஆங்கிலத்துக்கு வந்தது. பழுதானதை முன்பிருந்த நிலைக்குக் கொண்டுவருதல். ரெஸ்டாரெண்ட்டுக்கும் அதே வேர்தான்.

நம் பக்கம் 'மீள்' என்பது தன்வினை, 'மீட்டல்' அதன் பிறவினை. போனது தானே திரும்பி வந்தால் மீண்டது. நாம் கொண்டுவந்தால் மீட்டது. (வீணையை மீட்டுவது வேறு வினை, அது மீட்டினாள், இது மீட்டாள்.) இந்தச் சொல்லில் ஒரு நிபந்தனை ஒட்டிக்கொண்டே இருக்கிறது: போன பொருளே திரும்பி வரவேண்டும். அடகு வைத்த சங்கிலியை வட்டி கட்டி வாங்கினால் மீட்டோம் என்கிறோம். அடகுக்காரர் அதே எடையில், அதே வேலைப்பாட்டில் புதுச் சங்கிலியை நீட்டினால் அதை மீட்டதாக எந்த வீட்டிலும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பகைவர் கவர்ந்துபோன ஆநிரையைத் திருப்பிக் கொண்டுவருவதற்குக் கரந்தை என்று தனித்திணையே வகுத்தது புறப்பொருள் இலக்கணம். செங்கம் வட்டார நடுகற்களில் 'தொறு மீட்டுப் பட்டான்' என்று வெட்டியிருக்கிறார்கள். தொறு என்றால் மாட்டு மந்தை, பட்டான் என்றால் மடிந்தான். அவன் மீட்டது ஊரிலிருந்து போன அதே மாடுகளை.

விண்டோஸ் ரீசெட் எந்த மாட்டையும் ஓட்டிவருவதில்லை. தொழுவத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுகிறது. 2012-இல் வந்த விண்டோஸ் 8-இல் ரிஃப்ரெஷ், ரீசெட் என இரண்டு வசதிகள் தனித்தனியாக இருந்தன. 2015-இல் வந்த விண்டோஸ் 10 இரண்டையும் ரீசெட் என்ற ஒரே பெயருக்குள் போட்டு, உள்ளே போனபின் கோப்புகளை வைத்துக்கொள்ளவா, எல்லாவற்றையும் நீக்கவா என்று கேட்கிறது. கோப்புகளை வைத்துக்கொண்டாலும், நாம் நிறுவிய மென்பொருள்கள் போய்விடும். அழகி, என்எச்எம் ரைட்டர் போன்ற தட்டச்சு மென்பொருள்களைத் திரும்ப நிறுவியாக வேண்டும். எஸ்எஸ்டி வட்டாக இருந்தால் இன்னும் மோசம்: அழித்த இடத்தை 'டிரிம்' என்ற ஏற்பாடு வெறுமையாக்கிவிடுவதால், அழிந்த கோப்பைத் தேடும் ஃபோட்டோரெக், ரெகுவா போன்ற கருவிகளை ஓட்டினாலும் பெரும்பாலும் வெறுங்கைதான்.

'மீட்டமை'யை ரீசெட்டுக்கு வைத்தவர்கள் ஒரு காரணம் சொல்கிறார்கள். 'மீட்டும்' என்றால் பழந்தமிழில் 'மறுபடியும்'; ஆகவே மீட்டும் அமைப்பது மீட்டமைப்பது. அகராதிப்படி மறுக்க முடியாது. ஆனால் அந்த 'மீட்டும்' இன்று பேச்சில் இல்லை. இன்று 'மீட்டு' என்று காதில் விழுந்தால் தீயணைப்புத் துறையும் அடகுக் கடையும்தான் நினைவுக்கு வரும். கலைச்சொல் பிரித்துப் பொருள் கண்டபின் புரிவதாக இருந்தால் போதாது; பதற்றத்தில் திரையைப் பார்ப்பவருக்கு முதல் பார்வையிலேயே புரியவேண்டும். 'சூழலை வைத்துப் புரிந்துகொள்வார்கள்' என்பது இரண்டாவது வாதம். எந்தச் சூழல்? விண்டோஸ் தொடங்காமல் தொடர்ந்து இரண்டு மூன்று முறை தோற்றால் நீலத் திரை வருகிறது. அதில் டிரபிள்ஷூட்டை அழுத்தினால் மேலே முதலில் நிற்பது ரீசெட். ரீஸ்டோரோ அதற்குக் கீழே உள்ள அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் என்ற கதவைத் திறந்தால்தான் கண்ணில் படும். 'மீட்டமை' என்று மட்டும் கேட்டு வந்தவரின் கை எங்கே போகும்?

'மீளமை' என்று திருத்துவோரும் உண்டு. பொருள் சரி, ஆனால் மீட்டமைக்கும் அதற்கும் காதில் வேறுபாடு மிகக் குறைவு. தொலைபேசியில் வழி சொல்லும்போது இரண்டும் ஒன்றாகிவிடும். 'பழைய நிலைக்குத் திருப்பு' என்பதில் எந்தப் பழைய நிலை என்ற கேள்வி நிற்கிறது: நேற்றையதா, வாங்கிய நாளையதா? 'மறுதொடக்கம்' ரீஸ்டார்ட்டுக்கு உரியது.

ரீசெட்டுக்கு 'முதல்நிலைக்குத் திருப்பு' என்பதே என் தேர்வு. கணினி கடையிலிருந்து வந்த நிலை என்று அதைக் கேட்டதும் தெரியும். இடையில் சேர்த்தது போகும் என்ற எச்சரிக்கையும் அதிலேயே இருக்கிறது. நீளம் என்று குறைசொல்வார்கள். எல்லாவற்றையும் அழிக்கக்கூடிய பொத்தானில் பெயர் நீளமாக இருப்பது நல்லதே. 'மீட்டமை'யை ரீஸ்டோருக்கு விட்டுவிடலாம். அங்கே அது அச்சாகப் பொருந்துகிறது. புது டிரைவர் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்) நிறுவியபின் ஒலி நின்றுபோனால், விண்டோஸ் விசையுடன் ஆர் விசையை அழுத்தி, ஆர், எஸ், டி, ஆர், யு, ஐ (rstrui) என்ற ஆறு எழுத்தைத் தட்டி என்டரை அழுத்தினால் ரீஸ்டோர் திறக்கும். நிறுவுவதற்கு முந்தைய தேதியைத் தேர்ந்து, எந்த மென்பொருள்கள் பாதிக்கப்படும் என்று காட்டும் பட்டியலைப் பார்த்துவிட்டு நடத்தலாம். விண்டோஸின் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியும் டிரைவர்களும் அன்றிருந்தபடி திரும்பும், ஆவணங்களைத் தொடாது. நடுவில் மின்சாரம் போகக்கூடாது; மடிக்கணினியைச் சார்ஜரில் போட்டுவிட்டுத் தொடங்குங்கள். அழிந்த கோப்பைத் தேடி எடுப்பதற்கு 'மீட்டெடு' இருக்கிறது.

எல்லா ரீசெட்டுக்கும் ஒரே தமிழ் தேடுவதும் தவறு. கடவுச்சொல் ரீசெட்டில் பழைய கடவுச்சொல் திரும்பி வருவதில்லை. அது 'புதுக் கடவுச்சொல் அமை'. வண்டியின் பயண மீட்டரை ரீசெட் செய்வது 'சுழியாக்கு'. நெட்வொர்க் ரீசெட்டை 'நெட்வொர்க் மீட்டமைப்பு' என்றால் அறுந்த இணைப்பு திரும்பும் என்றே நினைப்பார்கள். நடப்பதோ, சேமித்திருந்த வைஃபை கடவுச்சொற்கள்கூட மறந்துபோகும். மொழிபெயர்ப்பாளருக்குத் திரையைக் காட்டாமல் சொற்பட்டியலை மட்டும் கொடுத்தால் ரீசெட் என்ற வரி எங்கு வந்தாலும் அதே தமிழ்தான் விழும். ரீஸ்டோர் பாயிண்டுக்கு வழங்கும் 'மீட்டெடுப்புப் புள்ளி'யும் அப்படிச் சொல்லுக்குச் சொல் விழுந்ததுபோல்தான் இருக்கிறது. ரீஸ்டோர் பாயிண்ட் என்பது ஒரு நாளில், ஒரு நேரத்தில் கணினி இருந்த நிலை. தமிழில் 'மீட்பு நிலை' போதும். அதுவும், பல கணினிகளில் அதைச் சேமிக்கும் சிஸ்டம் புரொடெக்‌ஷன் அணைந்தே கிடப்பதால் உருவாவதில்லை. ஸ்டார்ட் மெனுவில் 'Create a restore point' என்று தேடித் திறந்து, சி வட்டுக்கு அதை இயக்கி, 5 முதல் 10 விழுக்காடு இடம் ஒதுக்கி, கையோடு ஒரு மீட்பு நிலையை உருவாக்கி வையுங்கள்.