எஸ்11-இல் பள்ளம் விழுந்தால் மட்டும் ஆன்டெனா ஆகிவிடாது

ஆன்டெனா ஆய்வு செய்யும் மாணவர்கள் அளவெடுக்க வரும்போது முதலில் நீட்டுவது, ஆன்டெனாவிலிருந்து திரும்பி வரும் பவரைக் காட்டும் எஸ்11 வளைவைத்தான். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஆழமாக ஒரு பள்ளம், பக்கத்திலேயே பெரிய எழுத்தில் "−42 டெசிபெல்". ப்ராஜெக்ட் அறிக்கையில் அதுதான் முதல் படம். கருத்தரங்குக் கட்டுரையிலும், சில நேரம் முனைவர் பட்ட ஆய்வேட்டிலும் அதுவேதான். மற்றவர்கள் வடிவமைத்த ஆன்டெனாக்களை அளந்து கொடுப்பது என் அன்றாட வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: அந்த ஒரு பள்ளத்தை வைத்து, கையில் இருப்பது ஆன்டெனாவா வெறும் ரெசிஸ்டரா என்று யாராலும் சொல்ல முடியாது.

அனுப்பிய பவரில் எவ்வளவு திரும்பி வந்தது என்பதை மட்டும்தான் எஸ்11 சொல்கிறது. −10 டெசிபெல் என்றால் நூற்றில் பத்துப் பங்கு திரும்பியது, தொண்ணூறு உள்ளே போனது. உள்ளே போனது அலையாகக் கிளம்பியதா, பலகையிலேயே சூடாகித் தீர்ந்ததா என்பது அதில் தெரியாது. கேலிப்ரேஷன் பெட்டியில் இருக்கும் 50 ஓம் லோடை, அதாவது வரும் பவரை விழுங்கும் ரெசிஸ்டரை, எடுத்து எஸ்11 அளக்கும் நெட்வொர்க் அனலைசரில் மாட்டிப் பாருங்கள். உங்கள் ஆன்டெனாவைவிட அகலமான, ஆழமான எஸ்11 கிடைக்கும். அது கதிர்வீசுவதே இல்லை.

ஆழத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. −20 டெசிபெலில் திரும்பி வருவது 1 சதவீதம், −40-இல் 0.01 சதவீதம். இந்த இரண்டுக்கும் நடுவே ஆன்டெனாவுக்குள் கூடுதலாகப் போகும் பவர் 1 சதவீதம்கூட இல்லை. கனெக்டரைக் கழற்றி மறுபடி முடுக்கினாலே −42 என்பது −35 ஆகிவிடக்கூடும். இதற்காக வாரக்கணக்கில் சிமுலேஷன் ஓட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைகளைப் பார்த்தால் மனசு கஷ்டப்படுகிறது. அந்த உழைப்பு வேறு இடத்தில் போயிருக்க வேண்டியது.

பவர் எங்கே தொலைகிறது? முதல் இடம் பலகை. மலிவாகக் கிடைக்கும் எஃப்.ஆர்-4 பலகையின் லாஸ் டேன்ஜென்ட், அதாவது அலையைச் சூடாக்கி இழக்கும் அளவு, சுமார் 0.02. மைக்ரோவேவுக்கென்றே தயாராகும் நல்ல லேமினேட்டுகளில் அது 0.001 அளவில் இருக்கும். 1.6 மில்லிமீட்டர் எஃப்.ஆர்-4-இல் போட்ட பேட்ச் ஆன்டெனா, கொடுத்த பவரில் பாதியைப் பலகையிலேயே இழப்பது சகஜம். இதில் ஏமாற்றுவது என்னவென்றால், இழப்பு கூடக் கூட எஸ்11 வளைவின் அகலம், அதாவது பேண்ட்வித், கூடிக்கொண்டே போகும். "பேண்ட்வித் இரண்டு மடங்கு ஆனது" என்று கட்டுரையில் வரும் வரிக்குப் பின்னால் பல நேரம் இருப்பது இந்தச் சூடுதான்.

உடலோடு ஒட்டி அணியும் ஆன்டெனாவில் இது இன்னும் மோசம். 2.45 கிகாஹெர்ட்ஸில் தசையின் பர்மிட்டிவிட்டி (மின்புல ஆற்றலைத் தேக்கும் அளவு) 50-க்கு மேல், கடத்துதிறனும் அதிகம், அலையை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். ஆன்டெனாவைக் கையில் வைத்து அளந்தால் எஸ்11 பல நேரம் முன்பைவிட அழகாகத் தெரியும், திரும்பி வர வேண்டியதைத் தசை தின்றுவிட்டது என்பதால். நோயாளியின் உடலில் ஒட்டும் சென்சாரில் எஃபிஷியன்சி, அதாவது உள்ளே போன பவரில் அலையாகக் கிளம்பும் பங்கு, பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால், திறந்த வெளிக் கணக்கில் சிக்னல் எட்டும் தூரம் மூன்றில் ஒரு பங்குக்கு வந்துவிடும். இல்லையென்றால் பவரைக் கூட்டியே ஆக வேண்டும், பேட்டரி சீக்கிரம் தீரும். ஆய்வகத்தில் விட்ட தவறு போய்ச் சேரும் இடம் அது.

இரண்டாவது இடம் கேபிள். நான் அதிகம் பார்க்கும் கோளாறும் இதுதான். ஒரு மாணவி 900 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்யும் சின்னஞ்சிறு ஆன்டெனா ஒன்றைக் கொண்டு வந்திருந்தார். கிரவுண்டும் (ஆன்டெனாவின் அடித்தள உலோகப் பரப்பு) சேர்த்து முழுப் பலகையும் 2 சென்டிமீட்டர் விட்டமுள்ள கோளத்துக்குள் அடங்கிவிடும். பேண்ட்வித் 100 மெகாஹெர்ட்ஸுக்கு மேல். திரையில் வளைவு ஓடிக்கொண்டிருக்கும்போதே கேபிளை விரல்களால் பிடித்து, கனெக்டரிலிருந்து மெல்லப் பின்னோக்கி நகர்த்தச் சொன்னேன். பள்ளம் விரலோடு சேர்ந்து இடம் மாறிக்கொண்டே போனது. கிரவுண்ட் போதாததால் மின்னோட்டம் கேபிளின் வெளி உறையில் திரும்பி ஓடிக்கொண்டிருந்தது. கதிர்வீசியது அந்த நீண்ட கேபிள். அவருடைய வடிவமைப்பு அதைத் தூண்டிவிடும் பகுதியாக மட்டும் இருந்தது.

இதைக் கணக்கிலேயே பிடித்திருக்கலாம். சிறிய ஆன்டெனா எவ்வளவு பேண்ட்வித் தர முடியும் என்பதற்கு இயற்கை வைத்த எல்லையை 1948-இல் லான் ஜென் சூ கணக்கிட்டுக் காட்டினார். ஆன்டெனாவை முழுதாகச் சூழும் மிகச் சிறிய கோளத்தின் ஆரத்தை 2π-ஆல் பெருக்கி அலைநீளத்தால் வகுங்கள். 900 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 33 சென்டிமீட்டர், ஆரம் 1 சென்டிமீட்டர், ஆக விடை சுமார் 0.19. அதன் தலைகீழியையும், தலைகீழியின் கனத்தையும் கூட்டினால் க்யூ மதிப்பு (இது கூடினால் பேண்ட்வித் சுருங்கும்) 150-ஐத் தாண்டுகிறது. இழப்பே இல்லாத, ஒற்றை ஒத்ததிர்வு கொண்ட, நேர்க்கோட்டு முனைவாக்க ஆன்டெனாவுக்கு −10 டெசிபெல் பேண்ட்வித் சுமார் 4 மெகாஹெர்ட்ஸ்தான் வரும். மேட்சிங் சர்க்யூட் போட்டுச் சில மடங்கு நீட்டலாம், 100 வராது. இந்த எல்லையை மீறிய அளவீடு கையில் கிடைத்தால் கொண்டாடுவதற்கு முன் கேபிளையும் இழப்பையும் சந்தேகியுங்கள்.

கேபிளின் வெளி உறையில் ஓடும் மின்னோட்டத்தை அடக்க, கேபிளில் ஃபெரைட் (காந்தப் பீங்கான்) மணிகள் கோப்பது ஒரு வழி. ஆனால் கிகாஹெர்ட்ஸ் பக்கம் போனால் பெரும்பாலான ஃபெரைட் அந்த மின்னோட்டத்தைச் சூடாக்கித் தின்னும், தடுத்து நிறுத்தாது. எஃபிஷியன்சி சரிந்து காட்டும். அந்தச் சரிவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், உண்மைக்கு அது ஒரு படி அருகில். கேபிளின் மேல் மாட்டும் உலோகக் குழாயான கால் அலைநீள ஸ்லீவ் பாலன் இதைவிட மேல். கேபிளே இல்லாமல், பேட்டரியில் ஓடும் சிறு ஆஸிலேட்டரை ஆன்டெனாவோடு வைத்து அளப்பது எல்லாவற்றிலும் மேல்.

ஹெர்ட்ஸ் 1880-களின் கடைசியில் மின்காந்த அலையை நிரூபித்தபோது பார்த்தது அனுப்பும் கருவியின் முனையை அல்ல. தள்ளி வைத்த வளையத்தின் சிறு இடைவெளியில் எழுந்த தீப்பொறியைத்தான் பார்த்தார். ஆன்டெனாவைத் தள்ளி நின்றுதான் சோதிக்க வேண்டும்.

அலை எதிரொலிக்காத அளவீட்டு அறையான சேம்பரில் நேரம் கிடைப்பது கஷ்டம் என்பது எனக்குத் தெரியும். அதுவரை செய்ய ஒரு எளிய சோதனை உண்டு. ஹரால்ட் வீலர் 1959-இல் சொன்னது. ஆன்டெனாவை உலோக மூடியால் கவிழ்த்து, மூடியின் விளிம்பு கிரவுண்டோடு சுற்றிலும் நன்றாகத் தொடும்படி வையுங்கள். மூடியின் ஆரம் அலைநீளத்தில் ஆறில் ஒரு பங்கு அளவு, 2.4 கிகாஹெர்ட்ஸுக்குச் சுமார் 2 சென்டிமீட்டர். கதிர்வீச்சு அடைபட்டுவிடும், இழப்பு மட்டும் மிஞ்சும். தொடர் ஒத்ததிர்வு ஆன்டெனாவில் மின்தடை மூடியில்லாமல் 50 ஓமும் மூடியோடு 20 ஓமும் காட்டினால், கதிர்வீச்சுக்குப் போனது 30 ஓம், எஃபிஷியன்சி 60 சதவீதம். மூடி போட்டும் வளைவு அசையவில்லை என்றால் உங்களிடம் இருப்பது ரெசிஸ்டர்.

சேம்பரில் இடம் கிடைத்ததும் கெயினை (ஒரு திசையில் அலை குவியும் அளவு, இழப்பும் சேர்த்து) அளந்து, சிமுலேஷன் தரும் டைரக்டிவிட்டியோடு (இழப்பு சேராத அதே அளவு) ஒப்பிடுங்கள். டைரக்டிவிட்டி 6 டிபிஐ, அளந்த கெயின் 3 டிபிஐ என்றால் பாதி பவர் தொலைந்திருக்கிறது. அந்த எண்ணை மறைக்காமல் எழுதுங்கள். மேட்சிங் இழப்பும் சேர்ந்த ரியலைஸ்டு கெயினா, சேராத கெயினா என்பதையும் சொல்லிவிடுங்கள், அது இல்லாமல் யாராலும் ஒப்பிட முடியாது. ஆய்வேட்டில் கிரவுண்டின் அளவும், கேபிள் போன திசை தெரியும் ஒரு புகைப்படமும் இருக்கட்டும். கெயின் தெரிந்த ஹார்ன் (கொம்பு வடிவ) ஆன்டெனா ஒன்றையும் கேட்டு வாங்கி, அதே கம்பத்தில், அதே கேபிளில் மாட்டி அன்றைக்கே அளந்துவிடுங்கள். ஹார்னுக்கும் உங்கள் ஆன்டெனாவுக்கும் வந்த சிக்னலின் வித்தியாசத்திலிருந்துதான் உங்கள் கெயின் கிடைக்கும். பல பேர் அந்த அளவை எடுக்காமலேயே போய்விட்டு, மறுவாரம் மறுபடி வரிசையில் நிற்கிறார்கள்.